பாபநாசம் கடைத்தெருவில் எரிந்த ஆயில் லைட்: இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றிய ஒரு காரின் முழு விவரம்

தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கும்பகோணம் திரும்பிக்கொண்டிருந்தார் காரின் சொந்தக்காரர்; அவரை இங்கே சார் என்றே சொல்கிறேன். பாபநாசம் கடைத்தெரு நெரிசலில் வண்டி நின்றபோது டேஷ்போர்டில், ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் ஆயில் விளக்கு சிவப்பாக மின்னியது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அணைந்தது, காலை எடுத்தால் மறுபடி மின்னியது. கூடவே பானட்டுக்குள், வால்வுகளைத் தள்ளும் டேப்பட்டுகள் தட்டும் சத்தம். அவர் உடனே வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கான எனக்குப் போன் செய்தார். அன்று அந்த இன்ஜினைக் காப்பாற்றியது அந்த ஒரு முடிவுதான்.

"தம்பி, நாலு நாளைக்கு முன்னாடிதான் ஆயில் மாத்தினேன். கிளீனர் எல்லாம் ஊத்தி உள்ளே சுத்தம் பண்ணிக் குடுத்தாங்க. டிப்ஸ்டிக் எடுத்துப் பார்த்துட்டேன், ஆயில் முழுசா இருக்கு. அப்புறம் ஏன் லைட் எரியுது?"

"ஆயில் முழுசா இருந்தும் லைட் எரிஞ்சா அது இன்னும் மோசம் சார். திரும்ப ஸ்டார்ட் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கட்டி இழுத்துவர ஆள் அனுப்பினேன்.

அவருடைய கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. இதை முழுசாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. அவர் சொன்ன கிளீனர்தான் இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் மாற்றும் முன் உள்ளே ஊற்றுவது. அதை ஊற்றிய கடையில் யாரும் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. பாட்டிலின் பின்பக்கத்தில் போட்டிருந்த முறை அப்படியே பின்பற்றப்பட்டிருக்கிறது. அப்படியும் ஓர் இன்ஜின் கிட்டத்தட்டச் செத்துப்போகும் நிலைக்கு வந்தது. அதனால் 'சரியாக ஊற்றினார்களா' என்று கேட்டால் மட்டும் போதாது, அந்த வண்டிக்கு அதை ஊற்றியிருக்க வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

வண்டியின் முன்கதை

2011 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஓடியிருந்தது 71,400 கிலோமீட்டர். குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்று பழைய கார் வாங்குகிற எல்லோரும் நம்புகிறோம். இன்ஜின் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தூரம் ஓடியது என்பது முக்கியம்.

சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2017-இல் இந்தக் காரை இரண்டாவது ஆளாக வாங்கினார். மார்க்கெட், கும்பேஸ்வரர் கோயில், மகாமகக் குளத்துப் பக்கம் இருக்கும் தங்கை வீடு என்று எல்லாமே மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். எப்போதாவது தஞ்சாவூர், வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சி. ஆயில் மாற்றுவதில் ஒழுங்கானவர். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றி, நோட்டுப் புத்தகத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கையேட்டில் அதே வரியில், 'அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்றும் இருக்கிறது. அவர் ஓட்டுகிற அளவுக்கு 10,000 வருவதற்கு இரண்டரை வருஷம் ஆகும். ஆக, ஒரே ஆயில் இரண்டரை வருஷம் இன்ஜினுக்குள் கிடந்திருக்கிறது. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் பராமரிப்பில் ஒரு குறையும் தெரியாது.

ஃப்ளஷ் ஊற்றும் எண்ணம் வந்ததே மைலேஜால்தான். லிட்டருக்கு 15 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி சில வருஷங்களாகக் குறைந்து குறைந்து 10.5-க்கு வந்துவிட்டது. பிக்கப்பும் இல்லை. ஆயில் மாற்றப் போன இடத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த பையன் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் காட்டியிருக்கிறான். மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு படலம். "உள்ளே எல்லாம் இப்படித்தான் சார் இருக்கும். ஃப்ளஷ் ஊத்தினா சுத்தமாகி மைலேஜ் வந்துடும்" என்று சொல்லியிருக்கிறான். கண்ணால் அழுக்கைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் மறுக்கத் தோன்றும்?

இன்ஜின் சூடாக இருக்கும்போது பழைய ஆயிலுக்குள் 350 மி.லி. ஃப்ளஷ் ஊற்றி, பத்து நிமிடம் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு, சூட்டோடு வடித்திருக்கிறார்கள். தார் மாதிரி இறங்கியதாம். புது ஃபில்டர், புது 5டபிள்யூ-30 ஆயில். எல்லாம் சரி. இரண்டு நாள் இன்ஜின் முன்னைவிட அமைதியாக ஓடியது என்று சாரே சொன்னார். அதற்குப் பிறகு பாபநாசம் வரை மொத்தம் 92 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

பிரஷர் கேஜ் சொன்னது

மறுநாள் காலையில் ஆயில் லைட்டின் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி ஸ்டார்ட் செய்தோம். அதிகபட்சம் அரை நிமிடம்தான் ஓடவிடுவது, முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தோம். ஆனால் முள் ஜம்மென்று 2.1 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) ஏறி நின்றது. சத்தமும் இல்லை.

"பிரஷர் நல்லாத்தானே இருக்கு அண்ணே, ஸ்விட்ச்தான் போயிருக்கும்" என்றான் என்னோடு வேலை பார்க்கும் தம்பி. எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. அந்த இடத்தில் ஸ்விட்சை மாற்றிக் கொடுத்திருந்தால், அடுத்த தஞ்சாவூர் பயணத்தில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் முக்கியத் தண்டு) போயிருக்கும். முள் ஏறி நின்றதால் இன்ஜினை நிறுத்தாமல், கேஜை மாட்டியபடியே ஓடவிட்டுக் காத்திருந்தோம். எட்டாவது நிமிடத்தில் முள் இறங்க ஆரம்பித்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஐடிலிங்கில் 0.4 பார். பெரும்பாலான கார்களில் அந்த அளவை ஒட்டித்தான் சிவப்பு லைட் எரியும். 2,500 ஆர்.பி.எம்.-இல் பிடித்து வைத்தோம். 1.4 வரை ஏறியது, பிடித்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல 0.8-க்கு வழுக்கியது. அதோடு நிறுத்திவிட்டோம்.

இந்த வழுக்கல்தான் துப்பு. பேரிங் தேய்ந்து பிரஷர் குறைந்திருந்தால், இன்ஜினை வேகமாகச் சுற்றும்போது பம்ப்பும் வேகமாகச் சுற்றி முள் ஏறும், ஏறிய இடத்தில் நிற்கும். ஏறிவிட்டு இறங்குகிறது என்றால் பம்ப்புக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்று பொருள். அதாவது சேம்பரின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில், ஸ்ட்ரெய்னர் வலையில், ஏதோ அடைக்கிறது.

காலையில் நன்றாக இருந்து பன்னிரண்டு நிமிடத்தில் போவது ஏன்? நுங்கு சர்பத்தை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு துண்டு நுங்கு ஸ்ட்ராவின் வாயில் ஒட்டிக்கொண்டால், எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறோமோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும். உறிஞ்சுவதை விட்டால் தானாக விழுந்துவிடும். இன்ஜின் ராத்திரி முழுக்க நிற்கும்போது வலையில் ஒட்டிய கரித்துண்டுகள் சேம்பர் அடியில் விழுந்துவிடுகின்றன. ஓட ஓட ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து ஒட்டுகின்றன. பம்ப் வெளியே எத்தனை பார் தள்ளினாலும், உள்ளே இழுக்கிற பக்கம் ஆயிலைத் தள்ளிவிட இருப்பது காற்றழுத்தம் மட்டும்தான், ஏறக்குறைய ஒரு பார். வலை அடைத்தால் அதற்கு மேல் பம்ப்பால் ஒன்றும் செய்ய முடியாது.

திறந்து பார்த்தபோது

முதலில் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரைத் திறந்தோம். இத்தனை வருஷத் தொழிலில் ஸ்லட்ஜ் (கெட்டுப்போன ஆயில் கட்டும் கசடு) பார்க்காதவன் இல்லை நான். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் மேடுகள், ஆயில் தெறிக்கும் இடங்கள், ஆயில் திரும்பி இறங்கும் துளைகளின் விளிம்புகள் எல்லாம் பளிச்சென்று உலோகம் தெரியச் சுத்தமாக இருந்தன. மூலைகளில், ஆயில் நேராகப் படாத இடங்களில், அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கறுப்புப் படிவம். அந்தப் படிவத்தின் ஓரங்கள் காய்ந்த ஏரிச் சேறு வெடித்தது மாதிரி பிய்ந்து நின்றன. விரலால் தொட்டால் ஒரு சில்லு கையோடு வந்தது.

சேம்பரை இறக்கினோம். ஸ்ட்ரெய்னர் வலையில் முக்கால் பாகம் மூடியிருந்தது. அதில் இருந்ததை வழித்து ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு, பெட்ரோல் விட்டுப் பிரித்துப் பார்த்தேன். குழகுழப்பான பகுதி கரைந்து போனது. மிளகு அளவிலும் அதைவிடச் சின்னதாகவும் கடினமான கரித்துண்டுகள் கரையாமல் நின்றன. அவற்றோடு சாம்பல் நிறத்தில் நூல் நூலாக சிலிக்கான் பேஸ்ட். எப்போதோ டேப்பட் கவரை ஒட்டியவர் தாராளமாகத் தடவியதில் உள்பக்கம் பிதுங்கி, பிறகு அறுந்து விழுந்தவை. கரித்துண்டுகள் வலையின் கண்களில் உட்கார, இந்த நூல்கள் அவற்றைக் கோத்துப் பிடித்திருந்தன. கரி மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு மோசமாக அடைத்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆகவே மொத்தப் பழியையும் ஃப்ளஷ் மேல் போடுவது நியாயமில்லை.

நான்கு நாள் வயதான ஃபில்டரையும் அறுத்தோம். காகித மடிப்புகளுக்குள் கரித்தூள் அடைந்து கிடந்தது. ஃபில்டருக்குள் ஒரு பைபாஸ் வால்வு உண்டு. ஃபில்டர் அடைத்துப்போனால் ஆயிலே இல்லாமல் இன்ஜின் ஓடுவதைவிட அழுக்கு ஆயிலோடு ஓடட்டும் என்று அது திறந்துகொள்ளும். இந்த வண்டியில் அது திறந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் காந்தம் வைத்துப் பார்த்தபோது இரும்புத் துகள் அதிகம் இல்லை, ஆனால் மூன்றாவது பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக்எண்ட் பேரிங்கைக் கழற்றியபோது அதில் நீளவாட்டில் புதுக் கீறல்கள். கரி போனால் இப்படித்தான் கீறும். அந்தப் பேரிங் உட்காரும் கிராங்க் பகுதியான ஜர்னல் தப்பித்திருந்தது, நகத்தால் தேய்த்துப் பார்த்தால் எதுவும் தட்டவில்லை.

ஃப்ளஷ் என்ன செய்கிறது

கடையில் விற்கும் ஃப்ளஷ் பாட்டில்களில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த லேசான கரைப்பான்தான். அதோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் டிடர்ஜென்ட், பிரிந்ததை மிதக்க வைக்கும் டிஸ்பர்சன்ட் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். நான் தொழில் பழகிய காலத்தில் மேஸ்திரி ஒரு லிட்டர் டீசல் விட்டுச் சுற்றச் சொல்வார். அதைக் கொஞ்சம் நாகரிகமாகவும் பாதுகாப்பாகவும் செய்வதுதான் இந்தப் பாட்டில். ஆயில் மெலிந்துவிடும் என்பதால்தான் ஐடிலிங்கில் மட்டும் ஓடவிட வேண்டும், ரேஸ் செய்யக் கூடாது, ரோட்டில் ஓட்டவே கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. வடித்த பிறகும் இன்ஜினின் சந்துகளில் கொஞ்சம் பழைய ஆயில் தங்கும். அதோடு கரைப்பானும் தங்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நாம் ஊற்றும் சாதாரண இன்ஜின் ஆயிலிலேயே சுத்தம் செய்யும் பொருட்கள் இருக்கின்றன. கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த டிடர்ஜென்ட் அமிலத்தை முறித்து, சூடான உலோகத்தில் படிவம் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. டிஸ்பர்சன்ட் கரித்துகளைச் சுற்றிப் பிடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் மிதக்க வைக்கிறது. ஆயில் கறுப்பாவது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தர முத்திரை வாங்க வேண்டிய ஆயிலைச் சோதிக்கும்போது, கசடு கட்டுகிறதா என்று பார்ப்பதற்கென்றே தனிச் சோதனை உண்டு. 'சீக்வென்ஸ் வி.எச்.' என்ற சோதனையில் ஒரு வி8 இன்ஜினை 216 மணி நேரம், வேண்டுமென்றே குறைந்த வெப்பநிலையிலும் மாறி மாறியும் ஓட்டிவிட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். குறைந்த வெப்பநிலை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், இந்த வண்டியின் கதை அங்கேதான் போய் முடிகிறது.

சரி, ஆயிலும் சுத்தம் செய்கிறது, ஃப்ளஷும் சுத்தம் செய்கிறது. வித்தியாசம் வேகத்தில். ஆயில் படிவத்தின் மேல்தோலை மட்டும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். எடுத்தது ஃபில்டர் தாங்கும் அளவில் இருக்கும். கரைப்பான் பத்து நிமிடத்தில் படிவத்தின் மென்மையான பகுதிக்குள் ஊறிப்போய், கடினமான பகுதியின் பிடியைத் தளர்த்துகிறது. மென்மையானது கரைந்து வடிந்துவிடும். கடினமானது கரையாது, தளர்ந்து நிற்கும். பிறகு புது ஆயில் சூடாகி வேகமாக ஓடும்போது சில்லு சில்லாகக் கழன்று விழும். கடையில் தார் மாதிரி இறங்கியதைப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வரவேண்டியதில் ஆபத்தான பாதி அப்போது மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

வருஷா வருஷம் ஆயில் மாற்றிய சுத்தமான இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. கெட்டதும் இல்லை, பெரிதாக நல்லதும் இல்லை. லேசான படிவம் இருந்து, ஹைட்ராலிக் டேப்பட் ஒட்டிக்கொண்டு சத்தம் போடுகிற இன்ஜினில் அது பலன் தந்து நானே பார்த்திருக்கிறேன். கனமான படிவம் இருக்கும் இன்ஜினில்தான் சிக்கல். இதில் வருத்தம் என்னவென்றால், அந்த மூன்றாவது வகை வண்டிக்குத்தான் ஃப்ளஷ் தேவை என்று பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றும். எந்த வகை என்று தெரிந்துகொள்ள டேப்பட் கவரைத் திறந்தால் போதும். இந்தக் காரில் அதற்கு முக்கால் மணி நேரமும் ஒரு கேஸ்கெட்டும் ஆகும். ஆயில் மூடித் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால்கூடப் பாதி தெரிந்திருக்கும்.

படிவம் எங்கிருந்து வந்தது

இரண்டரை வருஷம் ஆயில் மாற்றாததால் வந்தது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் மூடியின் அடியில் இருந்த வெண்ணெய்ப் படலம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அது ஆயிலும் தண்ணீரும் கலந்த பால்மம். இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) குறைய வேண்டும், குறையவில்லை. அப்படியானால் தண்ணீர் எரிப்பிலிருந்து வந்ததுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் புகையோடு கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அது மறுபடி ஆவியாகி, பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் வழி) வழியாக வெளியேறும். இங்கே வெளியேறவில்லை.

எல்லாவற்றையும் சுத்தம் செய்து மாட்டிய பிறகு ஸ்கேனர் போட்டு ரோட்டில் ஓட்டினேன். சுவாமிமலை வரை போயும் கூலன்ட் 63 டிகிரியைத் தாண்டவில்லை. ஆவணி வெயிலில்! இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட் வால்வு. இந்த இன்ஜினில் அது திறக்க ஆரம்பிப்பதே 82 டிகிரியில்தான். வால்வு கூட்டைக் கழற்றினேன். உள்ளே வால்வே இல்லை.

சாரிடம் கேட்டதும் நினைவுக்கு வந்துவிட்டது. 2018 கோடையில் வண்டி சூடேறி நின்றிருக்கிறது. ரேடியேட்டர் ஃபேனை மாற்றிய மெக்கானிக், "நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வு எதுக்கு சார்" என்று அதையும் எடுத்துவிட்டிருக்கிறார். இது தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் செய்து பழகியது. ஊர் சூடாக இருந்தாலும், வால்வு இல்லாத இன்ஜினில் கூலன்ட் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டருக்குப் போய் வந்துகொண்டிருக்கும். இன்ஜின் சூடாக நேரமே கிடைக்காது. அதுவும் மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் வெதுவெதுப்பாவதற்குள் வண்டி கோயில் வாசலில் நின்றுவிடும்.

மைலேஜ் புகாருக்கும் விடை இதிலேயே கிடைத்தது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று சென்சார் சொல்வதை நம்பி, கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகத் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். தண்ணீர், பெட்ரோல், எரிபுகை, பழைய ஆயில் நான்கும் சேர்ந்தால் கசடு கட்டாமல் என்ன செய்யும்? ஆக, சில நூறு ரூபாய் வால்வு ஒன்று இல்லாததால் மைலேஜ் குறைந்தது, அந்த மைலேஜை மீட்க ஃப்ளஷ் ஊற்றினார்கள், ஃப்ளஷ் பேரிங் வரை கொண்டுவந்து விட்டது. ஃப்ளஷ் அற்புதமாக வேலை செய்திருந்தால்கூட மைலேஜ் திரும்பியிருக்காது.

பிரீதரில் ஆவியை வெளியே விடும் பி.சி.வி. வால்வும் கரி பிடித்து அடைத்திருந்தது. ஆவி வெளியேறும் முக்கிய வழியும் மூடிக் கிடந்தது என்று அர்த்தம். ஸ்லட்ஜ் என்றாலே வண்டிக்காரர் ஆயில் மாற்றவில்லை என்று குற்றம் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். அது எப்போதும் உண்மையில்லை. 1997 முதல் 2002 வரையிலான சில டொயோட்டா இன்ஜின்களில் கசடு கட்டும் புகார் அமெரிக்காவில் பெரிதாகக் கிளம்பியது. நிறுவனம் முதலில் பராமரிப்புக் குறை என்றது. பிறகு 2002-இல் சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு, வாங்கிய நாளிலிருந்து எட்டு வருஷம் வரை பழுதுபார்த்துத் தருவதாக அறிவித்தது. அதைப் படித்ததிலிருந்து, வண்டிக்காரரைக் கேள்வி கேட்கும் முன் தெர்மோஸ்டாட்டையும் பிரீதரையும் பார்த்துவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

செய்த வேலை

டேப்பட் கவர், சேம்பர், ஸ்ட்ரெய்னர் மூன்றையும் வெளியே எடுத்துக் கழுவினோம். ஹெட்டில் இருந்த படிவத்தைக் கரைப்பான் எதுவும் ஊற்றாமல், மரக் கரண்டியாலும் வாக்குவம் கிளீனராலும் வறட்சியாகவே எடுத்தோம். ஆயில் இறங்கும் துளைகளில் துணி அடைத்துவிட்டுத்தான் சுரண்டினோம், இல்லையென்றால் மறுபடி சேம்பருக்குப் போகும். இதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்க ஆனது. ஆயில் பம்ப்பைப் பிரித்துப் பார்த்ததில் ரோட்டரில் லேசான கோடுகள்தான், இடைவெளி அளவுக்குள் இருந்தது, அதையே போட்டோம். பிக்எண்ட் பேரிங் செட், தெர்மோஸ்டாட், பி.சி.வி. வால்வு, கேஸ்கெட்டுகள் புதிது. ஆயிலும் கூலியும் சேர்த்து ரூ.14,600 ஆனது. சார் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த வால்வை 2018-இல் யாராவது திரும்பப் போட்டிருந்தால் இந்தச் செலவே இல்லை.

வேலை முடிந்ததும் சூடான ஐடிலிங்கில் 1.2 பார், 3,000 ஆர்.பி.எம்.-இல் 3.4 பார். அரை மணி நேரம் ஓடவிட்டும் முள் அசையவில்லை.

கைக்கு எட்டாத இடங்களில் கொஞ்சம் படிவம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். அதை ஆயிலே மெல்ல எடுக்கட்டும் என்று விட்டோம். நல்ல ஆயிலைப் போட்டுச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுவதுதான் திட்டம். முதல் மாற்றம் 1,000 கிலோமீட்டரில், அடுத்தது அதிலிருந்து 2,000-இல், பிறகு 4,000-இல் அல்லது ஆறு மாதத்தில். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது. முதல் ஃபில்டரில் மடிப்புக்கு நாலைந்து கரித்துகள்கள் இருந்தன. இரண்டாவதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பெட்ரோல் டேங்கில் ஊற்றுவது

இரண்டாவது ஆயில் மாற்றத்துக்கு வந்தபோது சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, பெட்ரோல்ல ஊத்துற கிளீனரும் இருக்காமே. அதுவும் வேண்டாமா?"

நியாயமான கேள்வி, ஏனென்றால் இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி பாட்டிலில் நிற்கின்றன. ஆனால் வேலை வேறு. டேங்கில் ஊற்றுவது இன்ஜெக்டர் நுனியையும், இன்டேக் வால்வையும், ஓரளவு பிஸ்டன் தலையையும் தொடும். ஆயில் பக்கக் கசடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதில் கழன்றுவருவது எரிந்து சைலன்சர் வழியாகப் போய்விடும், வலையில் அடைக்க வழியில்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது, பாலிஈதர்அமீன் இருக்கிறதா என்பது. செவ்ரான் நிறுவனம் டெக்ரான் என்ற பெயரில் பிரபலமாக்கிய இந்த வகைப் பொருள், எரிப்பறைச் சூட்டையும் தாங்கி நின்று கரியை எடுக்கக்கூடியது. வெறும் கரைப்பான் மட்டும் இருக்கும் மலிவான பாட்டில்களில் அவ்வளவு பலன் இல்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் புதுவகை இன்ஜின்களில் இன்டேக் வால்வின் பின்பக்கம் பெட்ரோல் படவே படாது. அங்கே கரி கட்டினால் டேங்கில் எதை ஊற்றினாலும் போகாது, காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

சாருடைய வண்டி பழைய மாதிரி, வால்வுக்கு முன்னால் தெளிப்பது. அத்தனை வருஷம் அதிகப் பெட்ரோலில் ஓடியதால் கரி இருக்க வாய்ப்பு உண்டு. ஸ்கேனரில் பார்த்தபோது எரிபொருள் திருத்தம் (கம்ப்யூட்டர் வழக்கமான அளவைவிடக் கூட்டித் தெளிக்கும் பெட்ரோல்) கூட்டல் 9 சதவீதத்தில் நின்றது. காற்று எங்கும் கசியவில்லை, எரிபொருள் பிரஷரும் சரி. அதனால் இந்தத் தடவை நானே ஒரு பாட்டில் ஊற்றச் சொன்னேன். ஆனால் ஆயில் மாற்றிய கையோடு ஊற்ற வேண்டாம், மாற்றுவதற்கு முன் கடைசி டேங்கில் ஊற்றி, திருச்சி வரை ஒருமுறை போய்வந்துவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன். அந்தப் பொருளில் கொஞ்சம் ஆயிலுக்குள்ளும் இறங்கும், அந்த ஆயிலை உடனே வடித்துவிடலாம். அவர் ஸ்ரீரங்கம் போய்வந்தார். திருத்தம் 4 சதவீதமாகியிருந்தது. ஓட்டும்போது வித்தியாசம் தெரிகிறதா என்றால், இல்லை என்றார். நானும் ஓட்டிப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

மைலேஜ் 14.5-க்கு வந்தது டேங்கில் ஊற்றுவதற்கு முன்பே, தெர்மோஸ்டாட் போட்ட முதல் மாதத்திலேயே. நோட்டுப் புத்தகத்தில் அவர் எழுதி வைத்திருக்கிற கணக்கு அது.

இப்போது வண்டி 75,000 தாண்டியிருக்கிறது. மூடியின் அடியில் வெண்ணெய் இல்லை. கூலன்ட் 88 டிகிரியில் நிற்கிறது. வாரத்துக்கு ஒருநாள் சாயங்காலம் சுவாமிமலை வரையாவது போய்வருகிறார், சூடாகட்டும் என்று. குளிர்ந்த காலையில் இரண்டாவது சிலிண்டர் பக்கம் ஒரு டேப்பட் மட்டும் ஐந்தாறு நொடி தட்டிவிட்டு அடங்குகிறது. பாபநாசத்தில் ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடிய அந்தக் கொஞ்ச நேரத்தில் அது காயம்பட்டிருக்கலாம், அல்லது உள்ளே இன்னும் ஒரு துகள் இருக்கலாம். அடுத்த ஆயில் மாற்றம் சித்திரையில். அந்த ஃபில்டரையும் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் டேப்பட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.